ஒதியமரத்து நிலாப் பூச்சியும் நந்தியாவட்டைப் பச்சையும்

3 நவம்பர் 2024, ஞாயிறு, சிதம்பரம்

இன்று வீட்டில் இருந்தவர்கள்: நான், இவர், கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து வந்த நாத்தனார் விருத்தாம்பாள் அண்ணி, அவர் வீட்டு மாடியில் குடியிருக்கும் ஜூலி டீச்சர். மொத்தம் நாலு பேர். அண்ணியின் வீட்டுக்காரர் ராஜவேல் அண்ணன் காரை விட்டு இறங்கவே இல்லை. காபியைக் கொண்டுபோய் ஜன்னல் வழியாகக் கொடுத்தேன். ஆகவே நாலேகால்.

அண்ணி வந்தது பின்மனையைப் பார்க்க. மாமனார் பிரித்துக் கொடுத்தபோது வீடு எங்களுக்கு, பின்னால் இருக்கும் காலி மனை அவருக்கு என்று ஆயிற்று. நடு எல்லையில், அவர் பக்கமாக, ஐந்து ஒதியமரங்கள் இருக்கின்றன. வேலிக்கு ஊன்றிய கழிகள்தான், துளிர்த்து மரமாகிவிட்டன. தை பிறந்ததும் ஐந்தையும் வெட்டிவிட்டு மதில் எடுக்கப் போகிறார்களாம்.

"அண்ணி, அதுல நிலாப் பூச்சி இருக்குது" என்று சொல்லிவிட்டேன்.

"இன்னா பூச்சி?"

"ராத்திரியில பறக்குமே, விட்டில் ஜாதி. பெருசா, வெளிர்பச்சையா, வாலெல்லாம் வெச்சு..."

"பூச்சி இருக்குதுன்னாதாம்மா மரத்த வெட்டுவாங்க. நீ இருக்குதுன்னு வெக்கச் சொல்றியே!" காருக்குள்ளிருந்து ராஜவேல் அண்ணனும் சிரித்தார். இவரும் சிரித்தார். அதுதான் சங்கடமாக இருந்தது.

சிரிக்காதவர் ஜூலி டீச்சர் ஒருவர்தான். மேல்நிலைப்பள்ளியில் விலங்கியல் எடுக்கிறாராம். கோயில் சிற்பம் பார்க்க அண்ணியோடு வந்தவர், "எங்கே பார்த்தீங்க? தேதி ஞாபகம் இருக்குதா?" என்று கேட்டார். ஞாபகம் எதற்கு, நோட்டு இருக்கிறதே! பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தைக் காட்டினேன். நாலு வருஷமாக, வாசல் தெளிக்கும் நேரத்தில் விளக்கடிச் சுவரில் என்னென்ன உட்கார்ந்திருக்கிறது என்று எழுதி வருகிறேன். டீச்சர் பக்கம் பக்கமாகத் திருப்பினார். "எங்க காலேஜில்கூட யாரும் இப்படி எழுதலைங்க" என்றார். முகம் சூடாகிவிட்டது எனக்கு.

கிளம்பும்போது அண்ணி சொன்னது: "கவர்மெண்டு லிஸ்ட்டு கிஸ்ட்டுல அந்தப் பூச்சி பேரு இருந்தா சொல்லு. மானு, மயிலு மாதிரி. வெட்டல. இல்லன்னா என்னைக் கொற சொல்லாத."

பார்த்துச் சொல்வதாக டீச்சர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

5 நவம்பர்

விளக்கடிச் சுவருக்கு வரும் பச்சைப் பூச்சி, நிலாப் பூச்சி இரண்டையும் பற்றித் தெளிவாக எழுதிவைக்க வேண்டும். டீச்சர் கேட்டால் சொல்லத் தெரிய வேண்டும்.

முதலில் பச்சை. என் நந்தியாவட்டைச் செடியை மொட்டையடித்ததால்தான் அறிமுகம். கூத்தபிரானுக்குக் கிள்ளப் போனால் இலையும் இல்லை, மொட்டும் இல்லை. கீழே உருண்டை உருண்டையாக எச்சம். தேடிப் பார்த்தால் விரல் நீளத்தில் ஒரு புழு, உடம்பெல்லாம் பச்சை, வாலில் ஒரு கொம்பு. தொட்டேன். தலையை உள்ளே இழுத்துக்கொண்டு, முதுகில் இரண்டு நீலக் கண்ணைத் திறந்து என்னை முறைத்தது! உண்மையில் கண் இல்லை, கண் மாதிரி புள்ளி. ஆனாலும் நான் இரண்டடி பின்னால் போனேன்.

அதுவரை கிள்ளி எறிந்துகொண்டிருந்தவள், அந்த ஒன்றை மட்டும் ஊறுகாய் ஜாடியில் போட்டுத் துணி கட்டினேன். பழுப்பாகி, சுருண்டு, கூட்டுப்புழுவாகி, பதினாறாம் நாள் வெளியே வந்தது. பச்சையிலேயே எத்தனை பச்சை. நடுவில் ரோஸ், ஓரத்தில் வெள்ளைக் கீற்று. சலவைக்கல்லை அறுத்து இறக்கை செய்த மாதிரி. புத்தகத்தில் அரளிப் பருந்து அந்துப்பூச்சி என்று போட்டிருக்கிறது. பருந்து என்பது வேகத்துக்காக. அரளி, நந்தியாவட்டை இரண்டையும் தின்னும். இரண்டும் சிவனுக்கு உகந்த பூ. பூவுக்கு முன்னால் இலையை இது நைவேத்தியம் பண்ணிவிடுகிறது.

அன்றிலிருந்து கிள்ளி எறிவதில்லை. பாதி அதற்கு, பாதி சாமிக்கு.

நாலு வருஷத்தில் பச்சை சுவரில் உட்கார்ந்தது அறுபத்தேழு தடவை.

9 நவம்பர்

நிலாப் பூச்சி மூன்றே தடவை. 2021 ஜூன், 2022 ஜூலை, 2023 அக்டோபர்.

முதல் தடவை பார்த்தபோது கோலமாவுக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுக் கைகூப்பினேன். சொன்னால் சிரிப்பார்கள். என் கைவிரல்களை விரித்தால் எவ்வளவு அகலமோ அவ்வளவு. இளநீர் வழுக்கையின் நிறத்தில் சற்றே பச்சை கலந்தது. மேல்விளிம்பில் குங்குமக் கோடு. உடம்பு வெள்ளைப் பஞ்சு. கீழ் இறக்கையிலிருந்து இரண்டு வால், பாவாடை நாடா அவிழ்ந்து தொங்குவதுபோல நெளிந்துகொண்டு. ஒவ்வோர் இறக்கையிலும் ஒரு சின்னக் கண்.

அதற்கு வாய் இல்லை என்று பிறகு படித்தேன். இருந்தாலும் சாப்பிட முடியாத வாய். புழுவாக இருந்தபோது தின்றதை வைத்துக்கொண்டு ஒரு வாரம் இருக்கும், முட்டையிடும், போய்விடும். ஒரு வாரம் விரதம், அவ்வளவுதான் வாழ்க்கை! நான் கார்த்திகைச் சோமவாரம் ஒருபொழுது இருந்துவிட்டு இரண்டு நாள் பெருமை பேசுகிறேன்.

இதன் புழு ஒதியமரத்து இலையைத் தின்னும். இந்தத் தெருவில் வேறு ஒதியமரம் இல்லை. நான் போய்ப் பார்த்துவிட்டேன், அடுத்த இரண்டு தெருவும் சேர்த்து.

அறுபத்தேழுக்கு மூன்று. எது அழிகிறது, எது பிழைக்கிறது என்று சொல்ல இதைவிட என்ன வேண்டும்? பட்டியலில் இல்லாமல் இருக்குமா?

17 நவம்பர்

மழை. சுவரில் ஒன்றுமில்லை. பல்லி மட்டும் இரண்டு.

4 டிசம்பர், புதன்

புயலும் வெள்ளமும். மஞ்சக்குப்பம் வீட்டில் முழங்கால் வரை தண்ணீர். அண்ணியும் ராஜவேல் அண்ணனும் நேற்று முதல் இங்கே. ஜூலி டீச்சர் மாடியில் இருப்பதால் தப்பித்தார்.

காலையில் அண்ணி என்னோடு வாசலுக்கு வந்தார். தூக்கம் வரவில்லையாம், வீட்டில் பீரோ நனைந்ததையே சொல்லிக்கொண்டிருந்தார். சுவரில் பச்சை ஒன்று. அறுபத்தெட்டு.

"இதுவா உன் நிலா?"

"இது வேற அண்ணி. இது நந்தியாவட்டையில வர்றது."

கிட்டே போய்ப் பார்த்தார். முந்தானையை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "இந்தக் கலருல ஒரு பட்டு கெடைக்காதே... எங்கடி போயி நெய்வாங்க?" என்றார். பிறகு என்னை முறைத்தார். "பூச்சியக் காட்டி மனச மாத்தலாம்னு பாக்காத. மதிலு மதிலுதான்."

ஆனால் பீரோ பேச்சு பத்து நிமிஷம் நின்றிருந்தது.

15 டிசம்பர், ஞாயிறு

ஜூலி டீச்சர் போன் செய்தார். உலகம் முழுக்க அழிந்துவரும் உயிர்களுக்குச் சிவப்புப் பட்டியல் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். நம் அரசாங்கத்தின் பட்டியல் தனி. அவர் தேடிய வரையில் என் இரண்டு பூச்சியும் இரண்டிலும் இல்லை.

"அப்ப ரெண்டும் பத்திரமா இருக்குதுன்னு அர்த்தமா?"

"அப்படிச் சொல்ல முடியாதுங்க. மதிப்பிடப்படவில்லைன்னுதான் அர்த்தம். ஆபத்துன்னும் சொல்லலை, ஆபத்து இல்லைன்னும் சொல்லலை. யாரும் உக்காந்து எண்ணலை. அந்துப்பூச்சியில முக்கால்வாசிக்கு மேல அந்தக் கதைதான்."

யாரும் எண்ணவில்லை. நான் எண்ணினேனே! ஆனால் ஒரு வீட்டுச் சுவரை எண்ணி உலகத்துக்குச் சொல்ல முடியாதாம். அதுவும் நியாயம்தான். வடக்கே மலைப்பக்கம் நிலாப் பூச்சி நிறைய இருக்கிறதாம். "உங்க ஊர்ல ஏன் கம்மின்னு கேக்கணும். அதுதான் நல்ல கேள்வி" என்றார்.

அண்ணியிடம் என்ன சொல்வது? லிஸ்டில் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். பொய் சொல்ல வராது.

இன்னும் சொல்லவில்லை.

13 ஜனவரி 2025, திங்கள்

போகியும் ஆருத்ரா தரிசனமும் இந்த வருஷம் ஒரே நாள். விடியுமுன் எழுந்து கொல்லையைச் சுத்தமாகப் பெருக்கினேன். மார்கழி முழுக்க ஒதியமரம் உதிர்த்த இலை எங்கள் பக்கம் ஒரு மூட்டை இருக்கும். அண்ணியின் மனைப்பக்கம் கேட்பாரில்லாமல் முழங்கால் உயரத்துக்குக் குப்பை. எங்கள் பக்கத்தில் ஒரு சருகு கிடக்காது. கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து அப்படித்தான் வைத்திருக்கிறேன். பழைய பாய், முறம், சருகு மூட்டை எல்லாவற்றையும் போட்டுக் கொளுத்தினோம். குளித்துக் களி கிண்டினேன்.

மத்தியானம் தரிசனம். கூட்டத்தில் கால் தரையில் படவில்லை. கூத்தபிரான் ஆடி வரும்போது எனக்கு ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை. ஐந்து மரம் என்று மட்டும் நினைத்தேன்.

சாயங்காலம் சாம்பலை அள்ளும்போது, பாதி வெந்த ஒரு கூடு. இலை சுற்றிய மாதிரி, ஆனால் காகிதம் போலக் கெட்டி. ஒரு பக்கம் திறந்திருந்தது. உள்ளே

14 ஜனவரி

நேற்று முடிக்கவில்லை. முடியவில்லை.

பொங்கல் வைத்தேன். பொங்கிற்று.

16 ஜனவரி, வியாழன்

கூட்டின் படத்தை ஜூலி டீச்சருக்கு அனுப்பியிருந்தேன். இன்று காலை கூப்பிட்டார். தயங்கித் தயங்கித்தான் சொன்னார்.

அது நிலாப் பூச்சியின் கூடு. புழு இலைகளைச் சேர்த்துப் பட்டால் தைத்து அதற்குள் அடங்கிக்கொள்ளும். பனியில் மரம் இலை உதிர்க்கும்போது கூடும் இலையோடு சேர்ந்து தரைக்கு வரும். சருகுக்குள் சருகாகக் கிடந்து, வெயிலெல்லாம் போக்கி, மழைக்காற்று வீசும்போதுதான் திறக்கும்.

"பச்சை எப்படித் தப்பிக்குது?" என்று கேட்டேன்.

"அது வருஷம் பூராவும் முட்டை போடுங்க. ஒரு கூட்டம் போனாலும் மறு மாசம் இன்னொண்ணு. இது போகி நேரத்துல மொத்தமா தரையில கிடக்கும்."

இருபத்தாறு போகி. இருபத்தாறு வருஷம் நானே பெருக்கி, நானே குவித்து, நானே கொளுத்தியிருக்கிறேன். குளித்துவிட்டு, சாமி கும்பிட்டுவிட்டு, சுத்தமாக இருக்கிறது என்று பெருமைப்பட்டுக்கொண்டு. அறுபத்தேழுக்கு மூன்று என்று நோட்டில் எழுதி, ஐயோ அழிகிறதே என்று யாரையோ குறை சொல்லிக்கொண்டு! என் கை இது. என் விளக்குமாறு.

என்ன கணக்கு எழுதினேன் நான்? சுவரை மட்டும் பார்த்தேன், தரையைப் பார்க்கவே இல்லையே.

பிற்பகல். அண்ணியின் மனைக்குள் இறங்கித் தேடினேன். கேட்பாரில்லாத அந்தக் குப்பைக்குள், மரத்தடியில். முதலில் ஒன்று. காதருகே வைத்து ஆட்டினேன், கனமாக இருந்தது, உள்ளே அசைந்தது. இருட்டும்வரை தேடினேன். பதினொன்று.

குப்பை என்று நான் முகம் சுளித்த இடம்தான் காப்பாற்றி வைத்திருக்கிறது. எப்பேர்ப்பட்ட பிராணி! ஓர் இலையைப் போர்த்திக்கொண்டு ஆறு மாதம் யார் காலடியிலும் பொறுமையாகக் கிடக்கிறது.

எடுத்த இடத்திலேயே பதினொன்றையும் வைத்துச் சருகால் மூடி, எலி இழுக்காமல் பழைய காய்கறிக் கூடையைக் கவிழ்த்துக் கல் வைத்திருக்கிறேன்.

19 ஜனவரி, ஞாயிறு, கடலூர்

பொங்கல் வரிசை கொடுக்க மஞ்சக்குப்பம் போனோம். கரும்பு, மஞ்சள் கொத்து, அரிசி, அண்ணிக்குப் புடவை. வருஷா வருஷம் இவர் தன் கையால் தமக்கைக்குக் கொடுப்பது.

சாப்பிட்ட பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். லிஸ்டில் இல்லை என்பதை முதலில். பிறகு போகியை. பிறகு பதினொன்றை.

அண்ணி வெற்றிலையை மடித்தபடி கேட்டார். "லிஸ்ட்டுலயும் இல்ல. நீயே வருஷா வருஷம் எரிச்சிருக்கற. இப்ப என் மரத்த வெட்டாதன்ற. ஏம்மா, ஞாயந்தானா இது?"

"ஞாயமில்ல அண்ணி. அதான் கேக்கறேன்."

"தை இருவத்தெட்டுல கொத்தனாரு வர்றாரு. அஸ்திவாரம் மரத்து மேலதான் வருது. நான் இன்னா பண்ணட்டும்? மதில வானத்துல கட்டவா?"

அப்போதுதான் அது வாயில் வந்தது. யோசித்துச் சொன்னேனா? இல்லை. "மதில எங்க பக்கம் நாலடி தள்ளிக் கட்டிக்குங்க அண்ணி. மரம் உங்க மனையிலயே நிக்கட்டும். நாலடியும் உங்களுக்கே."

வெற்றிலை மடிப்பது நின்றது. ராஜவேல் அண்ணன் டிவி சத்தத்தைக் குறைத்தார்.

"பூச்சிக்காக மனைய குடுக்கறவள இன்னிக்குத்தான்டி பாக்கறேன்" என்றார் அண்ணி. பிறகு தம்பியைப் பார்த்தார். "இன்னாடா வைத்தி, உன் பொண்டாட்டி சொல்றது உனக்குத் தெரியுமா?"

இவருக்குத் தெரியாது. என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"வீட்டுக்குப் போயி சொல்றேங்க்கா" என்றார்.

பஸ் பரங்கிப்பேட்டை கிளைப்பாதை தாண்டும்வரை இவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு, "அந்த நாலடியிலதானே உன் நந்தியாவட்டை இருக்குது?" என்றார்.

ஆமாம். அதையும் நான் நினைக்காமல் இல்லை.

20 ஜனவரி

பூஜை முடித்து யோசித்தேன். நந்தியாவட்டை பதியன் போட்டால் நாற்பது நாளில் வேர்விடும், தொட்டியில்கூடப் பூக்கும். பச்சைக்கு இன்னும் எத்தனையோ வீட்டு வாசல் இருக்கிறது. கோயிலைச் சுற்றி எங்கு பார்த்தாலும் அரளியும் நந்தியாவட்டையும்தான். ஒதியமரத்தை இன்று வெட்டினால், நாளைக்கே கழி ஊன்றினாலும், இந்தத் தழை வர எத்தனை வருஷம்? அதுவரை பதினொன்றும் எங்கே போகும்?

இரண்டும் ஒரே அழகுதான். ஆனால் ஒன்று தாங்கும். இன்னொன்று தாங்காது. எந்தப் பட்டியலும் இதை எனக்குச் சொல்லவில்லை. இவ்வளவு மட்டும் எனக்குத் தெரிகிறது.

சாமி கோபித்துக்கொள்வாரா? அவர் பூவை எடுத்துத்தானே கொடுக்கிறேன்.

24 ஜனவரி, வெள்ளி

இவர் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டே சொன்னார். "நாலடி குடுத்துடலாம். வேற யாருக்குப் போவுது, எங்கக்காவுக்குத்தானே? இந்த வருசம் பொங்க வரிசை கொஞ்சம் ஜாஸ்தின்னு வெச்சுக்க."

"மனசார சொல்றீங்களா?"

"நீ அன்னிக்குக் கொல்லையில அழுதத நான் பாத்தேன்."

பையை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். இருபத்தாறு வருஷம் ஆயிற்று, இந்த மனிதரைப் பற்றி நான் எழுதிவைத்திருப்பது எவ்வளவு குறைவு.

அண்ணிக்குப் போன் செய்தேன். "எழுதிக் குடு. நாளைக்கு உன் மருமவ வந்து சண்டைக்கி நிக்கக் கூடாது" என்றார். இரண்டு நிபந்தனை நான் போட்டேன்: மரத்தை வெட்டக் கூடாது, மரத்தடிச் சருகைப் பெருக்கக் கூடாது, எரிக்கக் கூடாது. மூன்றாகிவிட்டது. "பெருக்காதன்னு சொன்ன மொத நாத்தனா பொண்டாட்டி நீதான்" என்று ஏதோ சொன்னார், சிரிப்பில் உறவே குழம்பிப் போயிற்று அவருக்கு.

9 பிப்ரவரி, ஞாயிறு

நந்தியாவட்டையை எடுத்தாயிற்று. எடுக்கும் முன் மூன்று புழுவைப் பொறுக்கி எதிர்வீட்டுச் செடியில் விட்டேன், சொல்லிவிட்டுத்தான். ஏழு கொம்பு தொட்டியில் வைத்திருக்கிறேன். இன்று பூஜைக்கு வில்வம் மட்டும்.

12 பிப்ரவரி

நூல் பிடித்தார்கள். கொத்தனார் கூடையை நகர்த்தப் போனார். "அத தொடாதய்யா, எங்க தம்பி பொண்டாட்டிக்கு உசுரு அதுலதான் இருக்குது" என்றது அண்ணியின் குரல். நான் அடுப்படியில் இருந்தேன். கேட்டது.

30 மார்ச்

கூடைக்கு அடியில் பதினொன்றும் இருக்கின்றன. ஒன்றை எறும்பு துளைத்திருக்கிறது. பத்து.

21 ஜூன், சனி

காலை ஆறேகாலுக்குப் பின்பக்கம் போனேன். மதிலுக்கு இன்னும் பூச்சு பூசவில்லை, வெறும் செங்கல். அதன்மேல், என் தோள் உயரத்தில், கசங்கிய ஈரத் துணி மாதிரி ஒன்று தொங்கியது. விளக்குமாற்றைக் கீழே போட்டேன். கண்ணெதிரே, கொஞ்சம் கொஞ்சமாக, துணி விரிந்தது. முக்கால் மணி நேரம். வால் இரண்டும் கடைசியாகத்தான் நீண்டன. சொரசொரப்பான செங்கல்லைப் பஞ்சுக் கால்களால் பிடித்துக்கொண்டு, காற்றுக்கு லேசாக ஆடியது. நானும் அசையவில்லை. இவர் பின்னால் வந்து நின்றதுகூடத் தெரியவில்லை. "அடேயப்பா" என்று மட்டும் சொன்னார்.

வெளியேற வழியாக ஒரு பக்கம் தூக்கி வைத்திருந்த கூடையை எடுத்துப் பார்த்தேன். இன்னும் இரண்டு கூடு திறந்திருக்கின்றன. அவை எங்கே போயினவோ, மரத்துக்குள் இருக்கும். ஏழு பாக்கி.

ஜூலி டீச்சருக்குப் படம் அனுப்பினேன். தேதி, நேரம், மரம் எல்லாம் எழுதி அனுப்பச் சொல்கிறார். எண்ணுகிறவர்கள் எங்கோ இருக்கிறார்களாம், சேர்த்துக்கொள்வார்களாம்.

அண்ணிக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. வாட்ஸாப்பில் எழுதியதை இங்கேயும் எழுதிவைக்கிறேன்:

அண்ணி, நமஸ்காரம். வந்துவிட்டது. உங்கள் மதில்மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. இருட்டினால் பறந்துவிடும். மீதி ஏழும் இந்த வாரத்தில் வரும் போலிருக்கிறது. ஒவ்வொன்றும் ஒரு வாரம்தான் இருக்கும், அதற்கு மேல் இருக்காது. அண்ணனும் இந்தத் தடவை காரை விட்டு இறங்கட்டும். இன்றைக்கு வருகிறீர்களா, நாளைக்கா? சீக்கிரம் பதில் சொல்லுங்கள்.